கையைத் தூக்காமலே போர்த்திக்கலாம்! குன்னூர் குளிரில் அப்பாயிக்காக ஒரு கம்பளி

போன பொங்கலுக்குக் குன்னூர் போயிருந்தபோது அப்பாயியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நான்கு ஸ்வெட்டர்கள். அப்பா வாங்கிக் கொடுத்தது, அத்தை வாங்கிக் கொடுத்தது, என் முதல் மாதச் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்தது... நான்கும் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

“ஏன் அப்பாயி போட்டுக்கல?”

“போட்டுக்குவேன் கண்ணு. நல்ல நாளு வரட்டும்.”

மறுநாள் காலை ஆறு மணி. வாசலில் பனிமூட்டம். அப்பாயி அடுப்புக்கு முன்னால், தோளில் ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் பிடிவாதமாக ஒரு ஸ்வெட்டரை எடுத்துவந்து மாட்டிவிடப் பார்த்தேன். வலது கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. “ஸ்ஸ்...” என்று முகத்தைச் சுளித்தவர், சட்டென்று சிரித்து மழுப்பினார்.

தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டருக்கு இரண்டு கையையும் தூக்க வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர் என்றாலும் கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அப்பாயிக்கு இரண்டும் முடியாது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொன்னா ஆஸ்பத்திரிக்குன்னு எல்லாரும் வேலையைப் போட்டுட்டு ஓடி வருவீங்க. எதுக்கு?” என்றார்.

ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனோம். ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று சொல்லி, செய்யவேண்டிய பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார் டாக்டர். வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால், கை முழுசாக மேலே போகவில்லை. அடுத்த குளிர்காலம் மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.

இந்த டிசம்பரில் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு நீலகிரிக்குக் கிளம்பினேன். கையைத் தூக்காமலே போர்த்திக்கொள்கிற மாதிரி ஒரு கம்பளியை நானே தைத்துக் கொடுப்பது என்று முடிவு. தையலில் எனக்குத் தெரிந்தது பட்டன் தைப்பது ஒன்றுதான்!

உறைபனி விழும் ஊர்

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால், விடியும்போது மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் மலை ரயில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சக்கரம் தொடங்கிவிடும். குன்னூர் வரைக்கும் ரயில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மண் சரிந்து ரயிலை ரத்து செய்வதும் உண்டு. அதனால் கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

துணி வாங்க வேண்டியிருந்ததால் குன்னூரில் இறங்காமல் நேராக ஊட்டிக்குப் போனேன். மறுநாள் விடியற்காலை தலைக்குந்தாவுக்கு ஒரு ஆட்டோ. புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிவைத்த மாதிரி வெள்ளை. நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடியில் பனி படலமாகப் படிந்திருந்தது. கால் வைத்தால் புல் ‘மொறுக்’கென்று நொறுங்குகிறது.

உயரமான இடத்தில்தானே குளிர் அதிகமாக இருக்கும், பள்ளத்தில் எப்படி உறைபனி என்று எனக்கு ஒரு சந்தேகம். காரணம் எளிமையானதுதான். மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு முழுக்க வானத்துக்குப் போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகும். கனமான காற்று, தண்ணீர் மாதிரி பள்ளத்தை நோக்கி இறங்கி அங்கேயே தேங்கிவிடும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் மாதிரியான தாழ்வான இடங்களில் உறைபனி முதலில் விழுகிறது. சுற்றுலா வந்தவர்களுக்கு அது செல்ஃபி. தேயிலையும் காய்கறியும் போட்டவர்களுக்கு அது கவலை. பனி பட்ட கொழுந்து, வெயில் ஏறியதும் கருகிவிடும்.

நெருப்பில் தெரிந்த உண்மை

தாவரவியல் பூங்கா பக்கம் திபெத் மார்க்கெட் இருக்கிறது. ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் என்று கடை கடையாக நிறங்கள் தொங்கும். ஆனால் எனக்கு வேண்டியது மீட்டர் கணக்கில் துணி. விசாரித்துக்கொண்டே நடந்தபோது, சாலையோரம் ஒருவர் “பியூர் வுல்” என்று சொல்லி ஒரு சால்வையை நீட்டினார். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. பேரம் பேசி வாங்கிவிட்டேன். ‘வந்த வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே’ என்று ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மெயின் பஜாரில் ஒரு பழைய துணிக்கடை வரைக்கும்தான் நீடித்தது. கடைக்கார ஐயாவுக்கு எழுபது வயதிருக்கும். சால்வையை வாங்கிப் பார்த்தவர், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். அதைச் சின்ன இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டினார். நூல் சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி உருண்டது.

“இது அக்ரிலிக் பாப்பா. கம்பளின்னா என்ன? ஆட்டு முடி. எரிச்சா, தலைமுடி கருகுற வாசனை வரணும். நெருப்பை எடுத்தா தானா அணையணும். சாம்பலை நசுக்கினா பொடியாகணும்.”

சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு சாம்பல் நிறத் துணிக்கட்டை எடுத்துவந்து அதிலும் ஒரு நூலை உருவி எரித்துக் காட்டினார். அதே முடி கருகும் வாசனை. விரலில் சாம்பல் பொடியானது.

“யாருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். “வெறகு அடுப்பா?” என்று அடுத்த கேள்வி. ஆமாம் என்றேன்.

“அப்ப அக்ரிலிக் வேணவே வேணாம். அதுவும் நல்ல துணிதான். விலை கம்மி, மிஷின்ல துவைக்கலாம், அரிக்காது. ஆனா அடுப்புக்கிட்ட உக்கார்றவங்களுக்கு ஆகாது. பொறி பட்டா உருகி உடம்புல ஒட்டிக்கும். கம்பளி லேசுல பத்தாது.”

அதுவரைக்கும் நான் நிறத்தையும் விலையையும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை.

கம்பளி ஏன் இவ்வளவு சூடு தருகிறது என்பதையும் ஐயாவிடமே கேட்டேன். ஒரு இழையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நேராக இல்லாமல் நெளிநெளியாக இருந்தது. அந்த நெளிவுகளுக்குள் காற்று சிக்கிக்கொள்கிறது. சிக்கிய காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும், தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஊட்டி அளவுக்குக் குன்னூரில் உறைபனி விழுவதில்லை. ஆனால் மழையும் பனிமூட்டமும் கலந்த ஈரக்குளிர். பருத்தித் துண்டு நனைந்தால் உடம்பைக் குளிர வைத்துவிடும். கம்பளி அப்படிச் செய்யாது.

58 அங்குல அகலத் துணியில் ஒன்றே முக்கால் மீட்டர் வாங்கினேன். தைக்கும் கம்பளி நூல், ஒரு பெரிய மரப் பட்டன் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. ஏமாந்து வாங்கிய அக்ரிலிக் சால்வை இப்போது சென்னையில் என் ஆபீஸ் ஏசிக்குப் பயன்படுகிறது!

ஆடும் ஊசியும் இந்த மலையிலேயே

நீலகிரிக்கென்றே ஒரு செம்மறியாடு உண்டு. 19-ம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆடுகளோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்று வெளிநாட்டு ஆடுகள் கலந்து உருவான ‘நீலகிரி’ இனம். மென்மையான ரோமம் தரக்கூடியது. எண்ணிக்கை குறைந்துபோன இந்த இனத்தை, ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் காப்பாற்றி வளர்க்கிறார்கள்.

‘மலையின் போர்வை’ என்றதும் பலருக்கும் தோடர்களின் வெள்ளைப் போர்வை நினைவுக்கு வரும். சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை செய்த பூத்குளி. அது கம்பளி இல்லை, முரட்டுப் பருத்தித் துணி. பூவேலைக்குத்தான் கம்பளி நூல். தோடர் பெண்கள் துணியில் படம் வரைந்துகொள்வதில்லை. சட்டம் பூட்டுவதும் இல்லை. நெசவின் இழைகளைக் கண்ணால் எண்ணி எண்ணியே ஊசியைக் குத்துகிறார்கள். 2013-ல் இந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டியில் ஒரு கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, நேர்கோட்டில் தைக்கவே தெரியாத எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது உண்மை.

ஊட்டியிலிருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் இறங்கும்போது கேத்திப் பள்ளத்தாக்கு வரும். அந்த வழியில்தான் ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. 1949-ல் தொடங்கப்பட்ட நீடில் இண்டஸ்ட்ரீஸ். நம் வீட்டுத் தையல் டப்பாவில் கிடக்கும் ‘போனி’ ஊசிகள் இங்கேயிருந்து வருபவை. கையிலிருந்த ஊசிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதுவும் போனிதான். சென்னையில் வாங்கி, ஊசி பிறந்த ஊருக்கே திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன்!

அப்பாயியின் முதல் கம்பளி

குன்னூரில் பஸ் மாறி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருபது நிமிடம். அப்பாயி வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். துணியைப் பிரித்து மடியில் வைத்ததும் தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“கம்பளி வாசம்” என்றார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்தான் பேசினார்.

அப்பாயி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏற வேண்டும். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, தலையில் கம்பளி. மழையென்றாலும் பனியென்றாலும் அந்தக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் கொழுந்து பறிப்பார்கள்.

“கறுப்புக் கம்பளி. முள்ளு மாதிரி குத்தும். மழையில நனைஞ்சா ஒரு ஆள் கனம் கனக்கும். எங்க அம்மாவுக்கும் அதே அளவு, எனக்கும் அதே அளவு. தோட்டத்துல குடுப்பாங்க. பெறகு சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. ஆனா அது இல்லைன்னா செத்துருப்போம் கண்ணு.”

1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போடப்பட்டது. தலைமுறைகளாக இலங்கையின் மலையகத் தோட்டங்களில் உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்றைய ‘டான்டீ’ அதன் வளர்ச்சிதான். அப்பாயி கப்பல் ஏறியது 1973-ல். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. கையில் என் பெரியப்பா, கைக்குழந்தை.

“கப்பல்ல அவனை அந்தக் கம்பளியிலதான் சுத்தி வச்சிருந்தேன். ராமேஸ்வரத்துல எறங்குனா வெயிலு! குழந்தைக்கு வேர்த்துக் கொட்டுது. கம்பளியை என்ன பண்றதுன்னே தெரியல. தூக்கிப் போட மனசு வரல. சுருட்டித் தலையில வச்சுக்கிட்டே வந்தேன். நல்லவேளை, இங்கயும் குளிருற ஊரைத்தான் குடுத்தாங்க.”

குளிரும் மழையும் வாட்டும் தோட்ட வேலைக்குப் போர்வை எவ்வளவு அவசியம் என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே சாட்சி. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 17-வது பிரிவில், குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றைத் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் வழங்க விதிகள் செய்யலாம் என்று சொன்னது.

“அந்தக் கம்பளி இப்ப எங்க அப்பாயி?”

“பூச்சி அரிச்சுருச்சு. நல்லா இருந்த துண்டை மட்டும் வெட்டி அடுப்படியில மிதியடியா போட்டிருந்தேன். அதுவும் போயிருச்சு.”

எழுபத்தைந்தைத் தாண்டிய வாழ்க்கையில் அப்பாயி எத்தனையோ போர்வைகள் போர்த்தியிருக்கிறார். ஒன்றுக்குக்கூட அவரை நிற்கவைத்து யாரும் அளவெடுத்ததில்லை. இஞ்ச் டேப்பை எடுத்ததும் கூச்சத்தோடு, “போர்வைக்கு எதுக்குடி அளவு?” என்றுதான் கேட்டார்.

தைத்தது எப்படி?

பக்கத்து வீட்டு டெய்லர் அக்காதான் எனக்கு வாத்தியார். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். உங்கள் வீட்டிலும் தோள் வலியோடு யாராவது இருக்கலாம். அதனால் அளவோடு சொல்கிறேன்.

முதல் வேலை, துணியை நனைத்து எடுப்பது. குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, நிழலில் தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் கனத்தில் இழுபட்டுவிடும். தைத்த பிறகு சுருங்குவதைவிட முன்பே சுருங்கிவிடுவது நல்லது. எனக்கு நீளத்தில் இரண்டு அங்குலம் குறைந்தது. வெந்நீரும் வேண்டாம், அடித்துக் கசக்கவும் வேண்டாம். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு துணி அட்டை மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது அளவு. அப்பாயி ஐந்து அடிக்கும் குறைவு. அவருக்குத் தைத்து முடித்த அளவு அகலம் 50 அங்குலம், நீளம் 56 அங்குலம். சுற்றிலும் அரை அங்குலம் மடிப்புக்காக 51-க்கு 57 வெட்டினோம். நீளத்தில் முதுகுப்பக்கம் 30, முன்பக்கம் 26. முன்பக்கத்தைக் குறைத்தது அடுப்புக்காகத்தான். குனிந்து ஊதும்போது நுனி நெருப்பில் விழக் கூடாது.

பிறகு திறப்பு. துணியை அகலவாக்கில் இரண்டாக மடித்து நடுக்கோட்டைச் சாக்பீஸால் போட வேண்டும். முன்பக்க ஓரத்திலிருந்து அந்தக் கோட்டில் 26½ அங்குலம் அளந்து, அங்கே குறி. அதுதான் கழுத்து வரும் இடம். குறிக்கு இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம், முதுகுப்பக்கம் ஒரு அங்குலம் இறக்கி வளைவாக வரைந்துகொண்டு, கோட்டில் நேராக வெட்டி, வளைவையும் வெட்டிவிடலாம்.

“கழுத்தைச் சின்னதா வெட்டு. பத்தலைன்னா மறுபடி வெட்டலாம். பெருசா வெட்டிட்டா ஒட்டவைக்க முடியாது” என்றார் அக்கா. கத்தரிக்கோலை வைக்கும்போது எனக்குக் கை வேர்த்தது. அந்தக் குளிரிலும்!

இப்போது துணி, முன்பக்கம் முழுக்கத் திறந்த ஒரு போர்வை. முதுகில் போட்டு, இரண்டு பக்கத்தையும் தோளில் முன்னால் விட்டால் போதும். கையைத் தூக்கவே தேவையில்லை.

கம்பளி கழுத்தில் பட்டால் அரிக்கும். அதற்கு அக்கா சொன்ன வழி, பழைய நூல் புடவை. அப்பாயியின் மிகப் பழைய புடவை ஒன்றிலிருந்து இரண்டு அங்குல அகலப் பட்டைகளைக் குறுக்காக வெட்டி, கழுத்தைச் சுற்றியும் திறப்பின் இரண்டு ஓரத்திலும் மடித்து வைத்துத் தைத்தோம். குறுக்காக வெட்டினால்தான் வளைவில் சுருக்கம் இல்லாமல் படியும். இதை மட்டும் அக்கா மிஷினில் போட்டுக்கொடுத்தார். “கம்பளிக்குத் தையலை நெருக்கமா வைக்கக் கூடாது, நீளத் தையலா வை” என்றார்.

மற்ற ஓரங்களெல்லாம் கைத்தையல். அரை அங்குலம் மடித்து, குண்டூசி குத்தி, முதலில் ஒரு ஓட்டுத் தையல். அதன் மேல் கம்பளி நூலால் பிளாங்கெட் ஸ்டிச். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். “சட்டைக்குக் காஜா எடுப்பாங்கல்ல? அதேதான். இடைவெளி விட்டு எடுத்தா பிளாங்கெட்டு.” ஊசியை மடிப்பின் உள்ளே குத்தி ஓரத்தில் எடுக்கும்போது, நூல் ஊசிக்குக் கீழே இருக்க வேண்டும். இழுத்தால் ஓரத்தில் ஒரு முடிச்சுக் கோடு விழும். அரை அங்குலத்துக்கு ஒன்று. கண் பெரிதாக உள்ள ஊசியாக எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் இருபது தையல்கள் குடிபோதையில் நடந்த மாதிரி இருந்தன. பிரித்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும்டி, நீ தைச்சதுன்னு அடையாளம்” என்றார் அப்பாயி.

ஒரு முழுப் பகலும் இரவு பத்து மணி வரைக்கும் ஆனது. மிச்சத் துணியில் ஏழு அங்குலச் சதுரமாக ஒரு பாக்கெட். முன்பக்கம் நெஞ்சுக்கு நேரே ஒரு மரப் பட்டன், எதிரே காஜா. கடைசியில் ஈரத் துணியை மேலே போட்டு, மிதமான சூட்டில் அழுத்தி அழுத்தித் தேய்த்தோம். அயர்ன் பாக்ஸைத் துணி மேல் இழுக்கக் கூடாது. வைத்து எடுக்க வேண்டும்.

காலை ஆறு மணி

மறுநாள் காலை. அதே பனிமூட்டம், அதே அடுப்பு. பின்னாலிருந்து அப்பாயியின் முதுகில் போர்த்திவிட்டேன். இரண்டு பக்கமும் தானாக முன்னால் வந்து விழுந்தது. இரண்டு கையும் மடியிலேயே இருந்தன. அப்பாயி குனிந்து தன்னையே பார்த்தார்.

“முடிஞ்சதா?”

“முடிஞ்சது.”

“வலிக்கவே இல்ல” என்றார்.

உடனே குறைகளும் வந்தன. காஜா இறுக்கமாக இருந்தது, பட்டனை நுழைக்க விரலுக்குப் பலமில்லை. காஜாவை மூடித் தைத்துவிட்டு, கம்பளி நூலைப் பின்னி ஒரு பெரிய வளையமாக வைத்தோம். பட்டனை அதில் ஒரே விரலால் மாட்ட முடிந்தது. அடுத்து பாக்கெட். நான் வலது பக்கம் வைத்திருந்தேன், இடது கையால் எடுக்கச் சுலபமாக இருக்கும் என்று நினைத்து. “தாயத்தா வச்சிருக்கேன் அதுல, குறுக்க கையை விட்டு எடுக்க? வெத்தலைப் பை வைக்கணும். இந்தப் பக்கம் தை” என்று இடது பக்கத்தைக் காட்டினார். பிரித்து மாற்றித் தைத்தேன்.

எனக்குத் தெரிந்த அளவெல்லாம் இஞ்ச் டேப்பில் இருந்தது. எந்தக் கை எங்கே எட்டும், எந்த விரல் மடங்கும் என்பது போர்த்திப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. யாருக்காவது தைக்கிறீர்கள் என்றால், கடைசி இரண்டு வேலைகளை, அதாவது பட்டனையும் பாக்கெட்டையும், அவர்கள் மேல் போட்டுப் பார்த்த பிறகே தையுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. அடிக்கடி துவைக்க வேண்டாம், வாரம் ஒருமுறை நிழலில் காற்றாட விட்டால் போதும். துவைத்தே ஆக வேண்டுமென்றால் குளிர்ந்த தண்ணீரில் பூந்திக்கொட்டை அல்லது கொஞ்சம் ஷாம்பு. குளிர்காலம் முடிந்ததும் நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு மடித்துக் கட்டிவைக்க வேண்டும். வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற கம்பளியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும். அழுக்கோடு பெட்டியில் வைக்கக் கூடாது.

சென்னை திரும்பி பத்து நாள் இருக்கும். ஆபீஸில் இருக்கும்போது அப்பாயியிடமிருந்து போன். அவராக போன் செய்வது அபூர்வம் என்பதால் பதறிப்போய் எடுத்தேன்.

“கண்ணு, ஒண்ணுமில்ல. மேல லயத்துல நம்ம கூடக் கொழுந்து எடுத்தவ ஒருத்தி இருக்கால்ல, அவளுக்கும் கை தூக்க வரல. என்னுதைப் போட்டுப் பாத்துட்டு கழட்டவே மாட்டேங்குறா. கீழ் வீட்டுக்காரிக்கும் வேணுமாம். அடுத்த தடவை வரும்போது ரெண்டு பேருக்கும் துணி எடுத்துட்டு வா. காசு அவுங்க குடுத்துருவாங்க.”

“சரி அப்பாயி. அளவு?”

“அதெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். எழுதிக்க. மேல் வீட்டுக்காரி என்னைவிட ஒரு சாண் நெட்டை. கீழ் வீட்டுக்காரிக்கு அகலத்துல அரை முழம் கூடப் போடணும். பாக்கெட்டு ரெண்டு பேருக்கும் இடது பக்கம்.”

கையிலிருந்த நியூஸ் பேப்பரின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டேன். மாசிக் குளிர் முடிவதற்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.